கணினிக் கொள்கலனும் சிறிய இயங்குதளமும்

‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்பது நம் முன்னோர் வாக்கு. வீடு கட்டுவதற்கும் குடும்பம் நடத்துவதற்கும் சொல்லப்பட்ட இந்த அறிவுரையைக் கணினித் துறையினர் பல ஆண்டுகள் பட்டுத் தெளிந்த பிறகே கைக்கொண்டனர். அந்த வரலாற்றைத்தான் இன்றைய உரையில் நாம் காணப் போகிறோம். நம் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிகளில் கணினி பயில்கின்றனர். அவர்களுடைய பாடத்தில் ‘கண்டெய்னர்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. அது என்னவென்று பெற்றோரும் ஓரளவு அறிந்திருந்தால், பிள்ளைகளுடன் அமர்ந்து பேச ஒரு வழி பிறக்கும் அல்லவா?

கண்டெய்னர் என்றதும் கிள்ளான் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் லாரிகளின் மேல் இருக்கும் இரும்புப் பெட்டி நம் கண்முன் வரும். தமிழில் அதைக் கொள்கலன் என்கிறோம். அந்தப் பெட்டியின் கதையிலிருந்தே தொடங்குவோம்.

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹியூஸ்டன் நகருக்குப் புறப்பட்டது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் மால்கம் மெக்லீன். லாரிப் போக்குவரத்துத் தொழில் நடத்தி வந்தவர் அவர். அதற்கு முன்னர் மூட்டை வேறு, பொதி வேறு, பீப்பாய் வேறு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆட்கள் தூக்கி அடுக்க வேண்டியிருந்தது. பெட்டி வந்த பின்னர், உள்ளே ரப்பர் இருக்கிறதா, துணி இருக்கிறதா என்று பாரந்தூக்கி அறிய வேண்டியதில்லை. வெளி அளவு ஒன்றாக இருந்தால் போதும். 1972இல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கும், 1973இல் கிள்ளான் துறைமுகத்துக்கும் இந்த முறை வந்து சேர்ந்தது.

இனிக் கணினிக்கு வருவோம். கணினிக்குள் இரண்டு வகை மென்பொருள்கள் உண்டு. ஒன்று, சம்பளக் கணக்குப் போடுவது, கடிதம் எழுதுவது, வங்கிப் பணத்தை மாற்றுவது போன்ற வேலைகளைச் செய்யும் மென்பொருள். மற்றொன்று இயங்குதளம். தோட்டத்தில் யார் எந்த நிரைக்குப் போவது, யாருக்கு எந்த வாளி என்று பிரித்துக் கொடுப்பது நிர்வாகம். அதுபோல், கணினியின் நினைவகத்தையும் நேரத்தையும் வட்டையும் மென்பொருள்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது இயங்குதளம். அதன் நடுவில் இருக்கும் கருப்பகுதியைக் ‘கெர்னல்’ என்பர்.

இங்கே நீண்ட காலமாக ஒரு தொல்லை இருந்தது. ஒரு கணினியில் நன்றாக ஓடிய மென்பொருளை வேறொரு கணினிக்கு மாற்றினால் அது ஓடாது. அதற்குத் தேவையான துணைப் பொருள்கள் அங்கே இருக்கமாட்டா. இருந்தாலும் வேறு பதிப்பாக இருக்கும். ஒரே கணினியில் இரண்டு மென்பொருள்களை வைத்தால், ஒன்றுக்காகச் செய்த மாற்றம் மற்றொன்றைக் கெடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கணினி வாங்கி வைத்தனர். பணமும் மின்சாரமும் வீணாயின.

இதற்கு ஒரு தீர்வாக, ஒரே கணினிக்குள் பல பாவனைக் கணினிகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயங்குதளம் வைத்தனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்களா கட்டியது போன்றது அது. பாதுகாப்பு உண்டு. ஆனால் இடமும் செலவும் மிகுதி. கொள்கலன் முறையோ நம் லயத்து வீடுகளைப் போன்றது. ஒரே கூரை, ஒரே அடித்தளம். ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு. கூரை என்பது இங்கே கெர்னல். எல்லாரும் அதைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். மற்றவை எல்லாம் அவரவர் வீட்டுக்குள்.

இந்த வீடுகள் ஒரே நாளில் கட்டப்பட்டவை அல்ல. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 1969இல் தொடங்கிய இயங்குதளம் யூனிக்ஸ். 1979இல் அதன் ஏழாம் பதிப்பில் ‘சிஹெச்ரூட்’ என்ற ஒரு கட்டளை சேர்க்கப்பட்டது. ஒரு மென்பொருளுக்கு வட்டின் ஒரு மூலையை மட்டும் காட்டி, ‘இதுதான் உன் உலகம்’ என்று நம்பவைக்கும் கட்டளை அது. முதல் சுவர் அப்படி எழுந்தது. ஆனால் அது உறுதியான சுவர் அன்று. 2000ஆம் ஆண்டில், ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் பவுல்-ஹென்னிங் காம்ப் என்பவர் அமைத்த ‘ஜெயில்’ என்னும் முறை அந்தச் சுவரை வலுப்படுத்தியது.

இதற்கிடையில், 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையுடன் அது வளர்ந்தது. 2006இல் கூகுள் நிறுவனப் பொறியாளர்கள், எந்த மென்பொருளுக்கு எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் என்று அளந்து கொடுக்கும் முறையொன்றை அதற்காக எழுதத் தொடங்கினர். 2008இல் அது லினக்ஸில் சேர்ந்தது. சுவர் இருந்தது, பங்கீடும் வந்தது. ஆனால் சாதாரணப் பொறியாளர் எளிதில் கையாளும் வகையில் அது அமையவில்லை.

அந்தக் குறையை நீக்கியவர் சாலமன் ஹைக்ஸ். 2013 மார்ச்சில், கலிபோர்னியாவில் நடந்த ஒரு மாநாட்டில் ‘டாக்கர்’ என்ற கருவியை அவர் ஐந்தே நிமிடப் பேச்சில் அறிமுகப்படுத்தினார். மென்பொருளையும் அதன் துணைப் பொருள்களையும் ஒன்றாகக் கட்டி, ஒரு ‘படிமம்’ ஆக்கிவிட வேண்டும். அச்சில் வார்த்தது போல் அந்தப் படிமத்தை எத்தனை கணினிகளில் வைத்தாலும் ஒரே மாதிரி ஓடும். துறைமுகப் பெட்டியின் கருத்து அப்படியே கணினிக்குள் வந்தது.

இப்போதுதான் ஒரு புதிய கேள்வி எழுந்தது. இதுவே நம் உரையின் மையம். ஒவ்வொரு கொள்கலனும் தனக்கு வேண்டியதைத் தானே கொண்டு வருகிறது. அப்படியானால், அடியில் இருக்கும் கணினியின் இயங்குதளம் எதற்காக அத்தனை பொருள்களையும் சுமக்க வேண்டும்? அச்சு இயந்திரத்துக்கான மென்பொருள், அஞ்சல் மென்பொருள், பலவகை மொழிக் கருவிகள் எல்லாம் அங்கே இருந்தன. எவரும் தொடுவதில்லை, ஆனால் இருந்தன. பால் மரம் வெட்டப் போன நம் பெற்றோர் உளியையும் காண்டா வாளியையும் எடுத்துச் சென்றனரே அன்றி, வீட்டுச் சாமான் முழுவதையும் தோளில் ஏற்றிச் செல்லவில்லை.

சிறிதாகக் கட்டும் கலைக்கு முன்னோடிகள் இருந்தனர். 1990களின் நடுவில் புரூஸ் பெரன்ஸ் ‘பிஸிபாக்ஸ்’ என்ற மென்பொருளை எழுதினார். 1.44 மெகாபைட் மட்டுமே கொள்ளும் ஒரே ஒரு நெகிழ்வட்டில், கணினியைத் தொடக்கி வைப்பதற்கு வேண்டிய கருவிகளை எல்லாம் அடக்குவது அதன் நோக்கம். அதை அடிப்படையாகக் கொண்டு பின்னர் எழுந்த ஆல்பைன் லினக்ஸின் கொள்கலன் படிமம், 2016 வாக்கில் சுமார் 5 மெகாபைட் அளவே இருந்தது. கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று நிழற்படங்களின் அளவுதான் அது!

கொள்கலன்களை ஓட்டுவதற்கென்றே அமைந்த சிறிய இயங்குதளங்களில் முதன்மையாகப் பேசப்பட்டது ‘கோர்ஓஎஸ்’. அதே 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் முக்கியப் பகுதியில் எவரும் எழுத முடியாது. படிக்க மட்டுமே முடியும். அந்தப் பகுதிக்கு இரண்டு அறைகள் உண்டு. ஓர் அறையிலுள்ள பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது, புதிய பதிப்பு மற்ற அறையில் இறங்கும். கணினியை மீண்டும் தொடங்கினால் புதியது வேலைக்கு வரும். அது சரியாக எழாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடலாம். குரோம் இயங்குதளத்திலிருந்து எடுத்துக்கொண்ட முறை இது.

குறைவாகச் சுமப்பது இடத்தை மிச்சப்படுத்தும் சிக்கனம் மட்டும்தானா? இல்லை என்பதை 2014 செப்டம்பர் 24ஆம் நாள் உலகம் உணர்ந்தது. கணினிக்குக் கட்டளையிடப் பயன்படும் மென்பொருளை ‘ஷெல்’ என்பர். ‘பாஷ்’ என்ற ஷெல் உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளில் இருந்தது. அதில் ஓர் ஓட்டை இருப்பதை ஸ்டெஃபான் ஷசெலா என்பவர் கண்டுபிடித்திருந்தார். அச்செய்தி அன்று வெளியானது. அதற்கு ‘ஷெல்ஷாக்’ என்று பெயரிட்டனர். அந்தத் தவறு 1989ஆம் ஆண்டிலேயே புகுந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லை. வெளியிலிருந்து வரும் செய்தியைப் பாஷிடம் ஒப்படைக்கும் கணினிகளில், முன்பின் தெரியாதவர் கட்டளைகளை ஓடவைக்க முடிந்தது. செய்தி வெளியான சில மணி நேரத்திலேயே தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. ‘எங்கள் கணினியில் அது இருக்கிறதா, எங்கே இருக்கிறது?’ என்று தேடுவதே பலருக்குப் பெரும்பாடாயிற்று. நேயர்களே, வேண்டாத பொருளும் ஒரு நாள் விலை கேட்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதன் பிறகு சிந்தனை ஒரு படி முன்னே சென்றது. அதுவரை பெரிய இயங்குதளத்திலிருந்து வேண்டாதவற்றைக் கழித்துச் சிறிதாக்குவதே பலரின் வழக்கமாக இருந்தது. இப்போது வெறும் மேசையிலிருந்து தொடங்கி, வேண்டியதை மட்டும் எடுத்து வைக்கும் முறை பரவியது. 2017 ஏப்ரலில் டாக்கர் நிறுவனம் வெளியிட்ட ‘லினக்ஸ்கிட்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மளிகைக் கடைக்குப் பட்டியல் எழுதுவது போல் ஒரு சிறு கோப்பு எழுத வேண்டும். எந்தக் கெர்னல், முதலில் எழ வேண்டியது எது, தொடக்கத்தில் ஒரு முறை செய்ய வேண்டியவை எவை, தொடர்ந்து ஓட வேண்டியவை எவை என்பவையே அந்தப் பட்டியல். அதைக் கொடுத்தால், கருவி அவற்றைச் சேர்த்து ஒரு முழுப் படிமமாகக் கட்டித் தரும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு சேவையும் ஒரு கொள்கலனே. ஆகவே எதையும் எடுக்கலாம், மாற்றலாம். அடிப்படைப் படிமம் சுமார் 35 மெகாபைட் என்று அறிவித்தனர். பட்டியலில் எழுதாத பொருள் படிமத்தில் இராது. கணினியில் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு அந்தப் பட்டியலையே காட்டலாம்.

இந்த முறையின் பயன் 2019 பிப்ரவரியில் மீண்டும் தெரிந்தது. கொள்கலன்களைத் தொடக்கி வைக்கும் ‘ரன்சி’ என்ற மென்பொருளில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கொள்கலனுக்குள் இருக்கும் தீய மென்பொருள், வெளியே உள்ள ரன்சியையே அழித்தெழுதி, கணினி முழுவதையும் கைப்பற்ற முடியும் என்று தெரிந்தது. லயத்து வீட்டுச் சுவரைத் துளைத்துக் கூரையைப் பிரிப்பது போன்ற செயல் இது. ஆனால் ரன்சியை எழுத முடியாத பகுதியில் வைத்திருந்த கணினிகளில் அந்தத் தாக்குதல் பலிக்கவில்லை. 2020இல் அமேசான் நிறுவனம் வெளியிட்ட ‘பாட்டில்ராக்கெட்’ இயங்குதளத்தின் அடித்தளத்தில் ஷெல்லே இல்லை. ‘டாலோஸ் லினக்ஸ்’ என்பதிலும் அப்படித்தான்.

இதில் சிரமமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஷெல் இல்லாத கணினியில் ஏதேனும் பழுது வந்தால், பொறியாளர் பழைய வழக்கப்படி உள்ளே நுழைந்து பார்க்க முடியாது. ஆகவே பழுதானதை அங்கேயே திருத்துவதில்லை. பட்டியலைத் திருத்தி, புதிய படிமம் கட்டி, பழையதை மாற்றி வைக்கின்றனர். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அறிவதற்கு ஆழ்ந்த படிப்பும் வேண்டும். அடுக்கி வைப்பதைக் காட்டிலும் விட்டுவிடுவதற்கே அதிக அறிவு தேவைப்படுகிறது.

இன்னொரு செய்தியையும் நாம் சொல்லியாக வேண்டும். 2018 ஜனவரியில் கோர்ஓஎஸ் நிறுவனத்தை ரெட்ஹாட் நிறுவனம் 25 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. பின்னர், 2020 மே 26ஆம் நாளுடன் அந்தப் பழைய இயங்குதளத்துக்கான திருத்தங்கள் நின்றன. அதை நம்பித் தொழில் நடத்தியவர்களின் கதி என்ன? தோட்டம் கைமாறும்போது அங்கே வேலை செய்தவர் நிலை என்னவாகும் என்பது நம் மக்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல வேளையாக, அதன் மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருந்தது. ஜெர்மனியின் பெர்லின் நகரிலிருந்த கின்வோக் என்ற சிறு நிறுவனம் அந்த நிரலை எடுத்து, 2018இலேயே ‘ஃபிளாட்கார்’ என்ற பெயரில் தொடரத் தொடங்கியிருந்தது. 2021இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கின்வோக்கை வாங்கியது. 2024இல் ஃபிளாட்கார், பல நிறுவனங்களும் பங்கு பெறும் பொது அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் சேர்க்கப்பட்டது. உரிமையாளர் மாறினர்; உழைப்பு அழியவில்லை. நிரலைப் படிக்கவும் திருத்தவும் எல்லாருக்கும் உரிமை இருந்ததே அதற்குக் காரணம்.

இந்த உரிமை நம் பிள்ளைகளுக்கும் உண்டு. நாம் மேலே சொன்ன லினக்ஸ், பிஸிபாக்ஸ், ஆல்பைன், லினக்ஸ்கிட், ஃபிளாட்கார் ஆகியவற்றைப் பணம் கொடுக்காமலே பெறலாம். இவை சிறியவை, ஆகவே பழைய கணினியிலும் சோதித்துப் பார்க்கலாம். பெரிய இயங்குதளம் முழுவதையும் ஒருவர் படித்து முடிக்க இயலாது. பட்டியலில் பத்துப் பொருள்களே இருந்தால், ஒரு மாணவர் ஒவ்வொன்றாக எடுத்து, இது எதற்கு, இதை நீக்கினால் என்ன ஆகும் என்று கேட்டுக் கேட்டுக் கற்றுவிடலாம். பெற்றோரே, உங்கள் பிள்ளை கணினி முன் அமர்ந்து இவ்வாறு ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பதைக் கண்டால், விளையாட்டு என்று எண்ணி எழுப்பிவிடாதீர்கள். என்ன கட்டுகிறாய் என்று அருகில் அமர்ந்து கேளுங்கள்.