மெடிக்கல் கோடிங், பில்லிங்: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்வோம்

நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, உயிரியல் என்று படித்துப் பட்டம் பெற்றும் வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் நம் குடும்பங்களில் பலர், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். அவர்களின் படிப்புக்குப் பொருந்தும் வேலைகளில் ஒன்று மெடிக்கல் கோடிங். விளம்பரத்தைப் பார்த்து அவசரப்பட்டுப் பணம் கட்டுவதற்கு முன், அது என்ன வேலை என்பதை நாம் குடும்பமாக அமர்ந்து தெரிந்துகொள்வது நல்லது.

கோடிங் என்பது என்ன?

இது கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை அல்ல. அமெரிக்காவில் சிகிச்சைச் செலவைப் பெரும்பாலும் இன்சூரன்ஸ் நிறுவனமே மருத்துவமனைக்குக் கொடுக்கிறது. என்ன நோய், என்ன சிகிச்சை என்பதை மருத்துவமனை குறியீடுகளாகத் தெரிவிக்க வேண்டும். டாக்டரின் குறிப்பைப் படித்துச் சரியான குறியீட்டைத் தேர்ந்தெடுப்பவரே கோடர். சென்னை உட்பட நம் நகரங்களில் உள்ள பல நிறுவனங்கள் இந்த வேலையை அங்கிருந்து எடுத்துச் செய்கின்றன.

நோய்களுக்கு ஐசிடி-10-சிஎம், சிகிச்சைகளுக்கு சிபிடி என்ற தொகுப்புகள் உள்ளன. பக்க பாதிப்பு ஏதுமில்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்குக் குறியீடு இ11.9. சர்க்கரை கட்டுமீறி உயர்ந்திருப்பதாக டாக்டர் எழுதியிருந்தால் அது இ11.65. ரத்தப் பரிசோதனையில் அளவு அதிகமாக இருந்தாலும், டாக்டர் எழுதாததைக் கோடர் தாமாகச் சேர்க்கக் கூடாது. உள்ளதைக் கூட்டியோ குறைத்தோ எழுதினால் அது பொய்க் கணக்கு.

பில்லிங் வேறு

குறியீடுகளை வைத்து கிளைம் அனுப்புவது, வந்த பணத்தைப் பதிவு செய்வது, நிராகரிக்கப்பட்ட கிளைமைத் தொடர்வது ஆகியவை பில்லிங். இதில் இன்சூரன்ஸ் நிறுவனத்துடன் போனில் பேசும் ஏஆர் காலிங் வேலைக்கு எந்தப் பட்டமும் போதும். ஆங்கிலம் சரளமாக வர வேண்டும். அமெரிக்காவின் பகல் நமக்கு இரவு என்பதால் பெரும்பாலும் இது இரவு ஷிப்ட். கோடிங் பெரும்பாலும் பகல் வேலை. பிள்ளை சேரப்போவது எதில் என்பதைப் பெற்றோர் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சான்றிதழ்

ஏஏபிசி அமைப்பின் சிபிசி தேர்வு பரவலாக அறியப்பட்டது. 100 கேள்விகள், 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். குறியீட்டுப் புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம். ஆனாலும் உடற்கூறியலும் மருத்துவச் சொற்களும் தெரியாதவருக்குப் புத்தகம் உதவாது. அனுபவமில்லாமல் தேர்ச்சி பெற்றவருக்கு சிபிசி-ஏ என்ற பயிற்சி நிலைப் பட்டமே கிடைக்கும். சான்றிதழைத் தக்கவைக்க உறுப்பினர் கட்டணமும், இரண்டு ஆண்டுக்கு 36 தொடர்கல்விப் புள்ளிகளும் தேவை. இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சான்றிதழ் இல்லாத புதியவர்களை எடுத்துப் பயிற்சி தரும் நிறுவனங்களும் உண்டு. முதலில் அங்கே முயன்று, சம்பளம் வந்த பிறகு தேர்வு எழுதுவது சிக்கனமான வழி.

வளைகுடா வாய்ப்பு

துபாய், அபுதாபியிலும் ஐசிடி-10-சிஎம், சிபிடி குறியீடுகளே பயன்படுகின்றன. எனவே இங்கு பெற்ற அனுபவம் அங்கும் கைகொடுக்கும். சவூதியில் ஐசிடி-10-ஏஎம் என்ற ஆஸ்திரேலிய முறை. அதைத் தனியாகப் படிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

"நூறு சதவீதம் வேலை உறுதி" என்று சொல்லும் பயிற்சி மையத்திடம், சென்ற ஆண்டு படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு, அவர்களில் இருவரிடமாவது பேசிப் பார்ப்போம். வேலைக்கென்று முன்பணம் கேட்டால் விலகிவிடுவோம். வீட்டிலிருந்தே வேலை என்பது புதியவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

எளிய குறியீடுகளை இப்போது மென்பொருளே போடத் தொடங்கிவிட்டது. ஆகவே சேர்ந்த இடத்திலேயே நின்றுவிடாமல் அறுவை சிகிச்சை, உள்நோயாளி, தணிக்கை ஆகிய பிரிவுகளுக்கு உயர முயல வேண்டும்.

நோயாளியின் விவரங்களை வெளியிடுவது அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டு ஹிப்பா சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், முகம் தெரியாத ஒருவரின் நோய் விவரம் நம் கையில் தரப்பட்ட அமானிதம். அதை அப்படியே பேணும் பிள்ளைக்கு இந்தத் துறையில் நல்ல பெயரும் நிலைக்கும்.