ஒரு பெயர், பல சம்பந்தன்கள்



சம்பந்தன் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருது? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போனால் துன் சம்பந்தன் சாலை. அங்கேயே அதே பெயரில் மோனோரயில் நிலையம். பீடோரில் ஒரு தமிழ்ப்பள்ளிக்கும் அப்பெயரே.

இப்பெயருக்கு மூலவர் 7ஆம் நூற்றாண்டில் சீர்காழியில் பிறந்த திருஞானசம்பந்தர். அவர் பெயரைத் தாங்கியே பம்மல் சம்பந்த முதலியார் (1873-1964) நாடகம் வளர்த்தார், திருகோணமலை இரா. சம்பந்தன் (1933-2024) இலங்கைத் தமிழருக்காகக் குரல் கொடுத்தார்.

நம்ம துன் வீ. தி. சம்பந்தன் (1919-1979) சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய், தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற வேளையில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை முன்னின்று அமைத்தார். மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கலாம். அப்படிச் சேர்ந்த காசில் 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. மரம் சீவினவங்களே தோட்டத்துக்குப் பங்காளி ஆனாங்க!

சாலைக்கு ஒரு பெயர்தான் வைக்க முடியும். அந்தப் பத்து வெள்ளியை வயிற்றைக் கட்டிச் சேர்த்தவர்கள் பெயர் சாலைப் பலகையில் இல்லை. பிள்ளைகளே, தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்க. அதில் ஒரு பெயர் உங்க வீட்டிலேயே இருக்கலாம்.