மவுண்ட் ரோட்டு ஓட்டல்காரரின் விமானமும் ஒரு பெட்ரோல் குழாயும்

1910 மார்ச்சில் தீவுத்திடலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் விமானம் பார்க்கப் போனார்கள் என்றால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. அதற்குக் காரணமானவர் ஜாகோமோ தி ஏஞ்சலிஸ். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். பின்னாளில் பொசோட்டோ ஓட்டல் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான். 1909 ஜூலை 25-ல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்ததும் இவருக்கும் பித்துப் பிடித்துவிட்டது. தானே வடிவம் போட்டு, கோச்சு வண்டி கட்டுவதில் பேர்போன சிம்ப்சன் கம்பெனியிடம் கொடுத்துச் செய்ய வைத்தார். பல்லாவரத்தில் சோதனை, பிறகு தீவுத்திடலில் காட்சி. அலகாபாத்தில் பெக்கே விமானத்தில் தபால் கொண்டுபோனது 1911 பிப்ரவரி 18-ல்தான். அதற்குத் தபால்தலையே வெளியிட்டார்கள். நம்மூர் ஓட்டல்காரர் பேரைச் சொல்பவர்கள் குறைவு.

எண்ணூர் நெடுஞ்சாலைத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜின் பிட்டராக 31 வருஷம் இருந்தவன் நான். விமானம் என்றதும் என் புத்தி இறக்கையில் நிற்காமல் பெட்ரோல் குழாய்க்குத்தான் போகும். ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தில் பம்பு இல்லை, இன்றைய மாதிரி கார்புரேட்டரும் இல்லை. மேலே கட்டிய, ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பிடிக்கும் டேங்க்கிலிருந்து ரப்பர் குழாய் வழியாகப் பெட்ரோல் தானாக இறங்கியது. நம் பழைய புல்லட்டிலும் அதே கதைதான்.

ஆகவே கோளாறும் ஒன்றுதான். வண்டி கொஞ்ச தூரம் ஓடி நிற்கிறது, டேங்க் மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறது என்றால் மூடியிலுள்ள காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. சித்திரை வெயிலில் நின்று, ஆறியபின் கிளம்பினால் குழாய் சைலன்சர் பக்கம் போகிறதா என்று பார்க்க வேண்டும். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி வழியை அடைத்துவிடும். திக்கித் திக்கி ஓடினால் தண்ணீர். பெட்ரோல் டின்களில் வந்த காலத்தில் அதற்காகவே மெல்லிய தோல் வைத்துப் புனலில் வடிகட்டுவார்கள்.

புல்லட் நின்றால் திருவொற்றியூரில் ஓரங்கட்டி டீ குடிக்கலாம். மேலே அது முடியாது.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12-ல் கலிபோர்னியாவில் இறந்தது இப்படித்தான். அவர் ஓட்டியது ஒருவர் வீட்டில் கட்டிய லாங்-ஈஸி விமானம். டேங்க் மாற்றும் காக்கை, வரைபடத்தில் இருந்தபடி முன்பக்கம் வைக்காமல், கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். திருப்பவும் கடினம். பெட்ரோலும் குறைவு. காக்கைத் திருப்ப உடம்பை வளைத்தபோது கால் சுக்கானை அழுத்தி, விமானம் கடலில் விழுந்தது என்பது விசாரணையின் முடிவு. இறக்கையில் குறையில்லை, இன்ஜினிலும் இல்லை. ஒரு காக்!

பம்பு இல்லாமல் பெட்ரோல் இறங்கும் விமானத்துக்கு இன்னொரு தொல்லை உண்டு. மூக்கைத் தூக்கி ஏறும்போது டேங்க்குக்கும் கார்புரேட்டருக்கும் உள்ள உயர வித்தியாசம் குறைந்துவிடலாம். தரையில் நன்றாக ஓடிய இன்ஜின், இருப்பதிலேயே அதிகம் குடிக்கும் அந்த நேரத்தில் பட்டினி கிடக்கும். அதனால் இன்று வீட்டில் விமானம் கட்டுபவர்கள் முதல் பறப்புக்கு முன் மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி நிறுத்தி, டேங்க்கில் கொஞ்சமே பெட்ரோல் விட்டு, கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி டப்பாவில் பிடிக்கிறார்கள். கையில் கடிகாரம். முழு வேகத்தில் இன்ஜின் குடிப்பதைப் போல ஒன்றரை மடங்கு விழ வேண்டும்.