மேகக் காப்புப்படித் தாமதம்

மேகக் காப்புப்படித் தாமதம்: பணியாளர்களின் கணினியில் உள்ள கோப்புகள் இணையம் வழியாகத் தொலைவிலுள்ள தரவு மையத்துக்குப் போய்ச் சேர அளவுக்கு மீறி நேரம் எடுக்கும் நிலை. அலுவலக வழக்கில் 'பேக்கப் முடியவே மாட்டேங்குது' என்பார்கள். இராஜபாளையத்தின் நூற்பாலைகள், அதை அடுத்த சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி நிறுவனங்கள், ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா வணிகம், கிருஷ்ணன்கோவிலின் கலசலிங்கம் பல்கலைக்கழகம் என விருதுநகர் மாவட்டத்தின் இந்தப் பகுதியில் கணக்கும் ஆவணமும் பெருகும் இடங்கள் பல. பெருநகரத்துக்கு வெளியே இருக்கும் இத்தகைய ஊர்களில் தாமதத்தின் முதற்காரணம் கணினி அன்று, கம்பி. அதிலும் தரவு வெளியே போகும் திசை.

கம்பியின் வரலாறு

பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்தில் கணக்கு பேரேட்டில் இருந்தது. நகல் வேண்டுமென்றால் கார்பன் தாள். கணினி வந்த பிறகு கணக்குப் பிரிவுகள் பிளாப்பியில் படியெடுத்தன. ஒரு பிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்பி. இன்று ஒரு மடிக்கணினியில் சாதாரணமாகக் கிடக்கும் 100 ஜிபியை அதில் அடக்க ஏறக்குறைய 68,000 பிளாப்பிகள் வேண்டும். பின்னர் சிடியும் பென்டிரைவும் வந்தன. மாலையில் டேலி கணக்கைப் பென்டிரைவில் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் கணக்காளரே சிறு நிறுவனங்களின் தொலைதூரக் காப்பகமாக இருந்தார்.

பொதுமக்களுக்கான இணையச் சேவையை அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சென்னை முதலிய பெருநகரங்களுக்கே அது முதலில் கிடைத்தது. தொலைபேசிக் கம்பியில் டயல்அப் முறை. 1998இல் வந்த வி.90 தரத்தில் இறக்க வேகம் 56 கேபிபிஎஸ் வரை. ஏற்ற வேகம் 33.6 கேபிபிஎஸ் மட்டுமே. பயனர் இணையத்திலிருந்து எடுப்பவர், இணையத்துக்குக் கொடுப்பவர் அல்லர் என்ற எண்ணம் இந்தத் தரத்திலேயே பதிந்துவிட்டது. 2005 சனவரியில் பி.எஸ்.என்.எல். தொடங்கிய 'டேட்டாஒன்' அகலப்பட்டையும் (பிராட்பேண்ட்) அதே வழியில் சென்றது. அது ஓடிய ஏடிஎஸ்எல் நுட்பத்தின் பெயரில் உள்ள முதல் எழுத்துக்கே 'சமச்சீரற்ற' என்றுதான் பொருள். செம்புக் கம்பியின் அலைவரிசையில் பெரும்பகுதி இறக்கத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஏற்றத்துக்கு ஏறத்தாழ 1 எம்பிபிஎஸ்தான் உச்சம். தொலைபேசி நிலையத்திலிருந்து தள்ளியிருந்த மில்லுக்கு அதுவும் முழுமையாகக் கிடைக்காது.

அரசின் சொல்லும் இதற்குத் துணை நின்றது. 2004ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை, குறைந்தது 256 கேபிபிஎஸ் இறக்க வேகம் தரும் இணைப்பே அகலப்பட்டை என வரையறுத்தது. ஏற்ற வேகம் பற்றி அந்த வரையறையில் ஒரு சொல் இல்லை. காப்புப்படி எடுப்பவருக்கு வேண்டியது அந்த விடுபட்ட பாதிதான்.

காரணங்களும் சரிபார்ப்பும்

முதலில் பெருக்கிப் பார்க்க வேண்டும். இணைப்பின் வேகம் பிட்டில், கோப்பின் அளவு பைட்டில். இடையே எட்டு மடங்கு வேறுபாடு. 30 கணினிகள், தலைக்கு 50 ஜிபி, பொதுவான ஏற்றம் 10 எம்பிபிஎஸ் என்றால், இடைவிடாமல் ஓடினாலும் முதல் காப்புப்படி முடிய 14 நாள் ஆகும். நாளுக்கு 8 மணி நேரம் மட்டும் ஓடினால் 42 நாள். இது பழுதே அன்று, வெறும் கணக்கு. எனவே எல்லாக் கணினியையும் ஒரே நாளில் சேர்க்காமல், படிப்படியாகச் சேர்ப்பதே முறை.

கணக்குக்கு மேல் நேரம் எடுத்தால்தான் குறை தேட வேண்டும். வைஃபையை விட்டு லேன் கம்பியில் செருகி ஏற்ற வேகத்தை அளப்பது முதல் வேலை. அடுத்தது, காப்புப்படி மென்பொருளில் வேக வரம்பு இருக்கிறதா என்பது. ஏற்றப் பாதை நிரம்பினால் அலுவலகம் முழுவதற்கும் இணையம் திணறும். அதைத் தவிர்க்க யாரோ ஒருநாள் வரம்பு வைத்திருப்பார், பிறகு மறந்துபோயிருக்கும். இரவு 11 மணிக்கு அட்டவணையிட்டு, மாலை 6 மணிக்கு மடிக்கணினியை மூடிக்கொண்டு போகும் அலுவலகங்களில் காப்புப்படி மெதுவாக நடப்பதில்லை, நடப்பதே இல்லை. வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்ப்பது, தலைமை அலுவலக வி.பி.என். வழியாகச் சுற்றிப் போவது, பழைய சுழல்வட்டு ஆகியவையும் காரணங்கள்.

கோப்பின் இயல்பையும் பார்க்க வேண்டும். அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி கோப்பு 10 ஜிபி இருந்தால், ஒரு மின்னஞ்சல் வந்தாலும் கோப்பு மாறிவிட்டதாகவே பொருள். மாறிய துண்டை மட்டும் அனுப்பும் வழியை ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996இல் ஆர்சிங்க் என்ற பெயரில் ஆஸ்திரேலியாவில் வெளியிட்டனர். அவ்வழியைப் பின்பற்றாத மென்பொருள் முழுக் கோப்பையும் நாள்தோறும் அனுப்பும். அத்தகையதை வாங்கக் கூடாது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் ஒரு பெரிய கோப்பைவிட மெதுவாகப் போகும், ஒவ்வொன்றுக்கும் தனியே கேள்வியும் ஒப்புதலும் நடப்பதால். பாட்டு, திரைப்படம், தற்காலிகக் கோப்புறை ஆகியவற்றை விலக்கினாலே சுமை பெரிதும் குறையும்.

தரவு மையத்தின் தொலைவும் வேகத்தைத் தின்னும். ஒரு செய்தி போய்த் திரும்ப 250 மில்லி நொடி ஆகும் அமெரிக்க மையத்துக்கு, ஒப்புதல் வரும்வரை 64 கேபிக்கு மேல் அனுப்பாத பழைய மென்பொருள் ஓர் இணைப்பில் 2 எம்பிபிஎஸ் அளவே அனுப்ப முடியும், கம்பி எவ்வளவு அகலமானாலும். மைக்ரோசாஃப்டின் மையங்கள் 2015இல் சென்னை, புனே, மும்பையிலும், அமேசானின் மையம் 2016இல் மும்பையிலும் வந்தன. கணக்குத் தொடங்கும்போதே இந்திய மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு மாற்றினால் முதல் காப்புப்படியை மீண்டும் ஏற்ற நேரும்.

தாமதத்துக்கு அஞ்சிச் சிலர் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் ஒத்திசைவே போதும் என்கின்றனர். அது காப்புப்படி ஆகாது. கணினியில் அழிந்தது அங்கேயும் அழியும்; பிணைத்தொகை கேட்கும் தீநிரல் பூட்டிய கோப்பும் பூட்டியபடியே போய்ச் சேரும்.

இன்றைய நிலை

செம்புக் கம்பியின் இடத்தை இப்போது ஃபைபர் பிடித்து வருகிறது. ஏற்றமும் இறக்கமும் ஒரே வேகமுள்ள திட்டங்களும் விற்கப்படுகின்றன. அகலப்பட்டையின் வரையறை 2023 சனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தப்பட்டது. அதுவும் இறக்க வேகத்துக்கு மட்டுமே.