பூப்போட்ட சாக்கு

மூட்டை பிரிப்பதில் ஒரு கைப்பக்குவம் உண்டு. அரிசி மூட்டை பிரித்தவர்களுக்குத் தெரியும்: சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுதும் ஒரே நூலாகச் சரசரவென்று உருவிக்கொண்டு வரும். தப்பான முனை என்றால் முடிச்சு விழுந்து உயிரை வாங்கும். அமெரிக்கப் பண்ணை வீட்டுப் பெண்கள் அந்த நூலைக்கூட எறியவில்லை. கண்டாகச் சுற்றி வைத்துக் குரோஷா பின்னினார்கள். நூலுக்கே இந்தக் கவனிப்பு என்றால் சாக்குத் துணியைச் சும்மா விடுவார்களா?

சாக்கு வருவதற்கு முன் அங்கே மாவு பயணம் போனது மரப் பீப்பாயில். ஒரு பீப்பாய்க்கு 196 பவுண்டு. அந்தக் கனத்தைத் தாங்குகிற தையல் கைவசம் இல்லை. 1846இல் எலியாஸ் ஹோவ் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு நிலைமை மாறியது. 1858இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஜட்சன் பெமிஸ் பை தைக்கும் தொழிலைத் தொடங்கினார். பீப்பாய் ஒழிந்தது, அதன் கணக்கு ஒழியவில்லை. மாவுப் பைகள் 98, 49, 24½ பவுண்டு என்றே வந்தன. அதாவது அரை, கால், அரைக்கால் பீப்பாய்.

காலிப் பை நல்ல பருத்தித் துணி. துண்டாயிற்று, தலையணை உறையாயிற்று, உள்பாவாடையாயிற்று. தொல்லை எழுத்தில்தான் இருந்தது. ஆலையின் பெயரும் முத்திரையும் கெட்டி மையில் அச்சாகியிருக்கும். பன்றிக்கொழுப்பைத் தேய்த்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காரச் சோப்பில் வேகவைத்து, வெயிலில் காயப்போட்டு எடுப்பார்கள். அப்படியும் போகாத எழுத்து பிள்ளையின் முதுகில் ஏறிப் பள்ளிக்கூடம் போகும். வீட்டின் வறுமையை ஊருக்கு வாசித்துக் காட்டும்.

கடல் கடந்து போன சாக்குக்கு வேறு விதி. முதல் உலகப் போரில் ஜெர்மனி பிடித்த பெல்ஜியம் பட்டினியில் கிடந்தபோது, ஹெர்பர்ட் ஹூவர் நடத்திய நிவாரணக் குழு 1914 முதல் அங்கே மாவு அனுப்பியது. காலிச் சாக்குகளையும் எண்ணிக் கணக்கு வைத்தார்கள். பருத்தி ஜெர்மானியரின் கைக்குப் போனால் வெடிமருந்தாகும் என்ற பயம். தையல் கூடங்களுக்கும் கன்னிமடங்களுக்கும் போன சாக்குகளில் பெல்ஜியப் பெண்கள் பூத்தையல் போட்டார்கள், சரிகைப் பின்னல் கோத்தார்கள். அமெரிக்கப் பெண் தேய்த்துத் தேய்த்து அழித்த அதே ஆலைப் பெயரை இவர்கள் பட்டு நூலால் மேலே தைத்து எடுப்பாக்கினார்கள்! நன்றிக்கடனாக வந்த அந்தச் சாக்குகளில் பல இன்று அயோவா மாநிலம் வெஸ்ட் பிராஞ்சில் ஹூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சாக்கு சட்டையாகிறது என்பது ஆலைக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. உறைக்கத்தான் நாளாயிற்று. 1924இல் ஏசா பேல்ஸ் என்பவர், பிறகு உடுப்பு தைப்பதற்கு ஏற்ற துணியிலேயே சாக்கை உண்டாக்குவதற்குக் காப்புரிமை கேட்டார். செயின்ட் லூயிஸின் பிளான்ட் மாவு ஆலை கட்டம்போட்ட துணியில் ‘ஜிங்காம் கேர்ள்’ மாவை விற்றது. மற்றவர்களும் விழித்துக்கொண்டார்கள். பூ, கொடி, புள்ளி, பொம்மை என்று சாக்குகள் மலர்ந்தன. மை தண்ணீரில் கரைகிற மையாயிற்று; பல ஆலைகள் அச்சையே விட்டுக் காகிதச் சீட்டை ஒட்டின. இதைத் தர்மம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. துணியின் விலை மாவின் விலைக்குள்தான் இருந்தது.

எனக்குப் பிடித்த கட்டம் கோழித்தீவனக் கடையில் நடப்பது. தீவனமும் பூப்போட்ட சாக்கில்தான் வந்தது; அதை வாங்குவது ஆண்களின் வேலை. 100 பவுண்டு சாக்கைப் பிரித்து விரித்தால் ஒரு கஜத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் துணி கிடைக்கும். பெரியவர்களுக்கு ஒரு கவுன் தைக்க ஏறக்குறைய மூன்று சாக்கு வேண்டும், மூன்றும் ஒரே பூவாக. ஆகவே கணவன் சட்டைப்பையில் ஒரு துண்டுத் துணியோடு கடைக்கு வந்து நின்றான். அந்தப் பூ அடுக்கின் அடியில்தான் இருக்கும். கடைக்காரர் மேலே உள்ள மூட்டைகளையெல்லாம் இறக்கியாக வேண்டும். கோழி எதைத் தின்ன வேண்டும் என்பதை வீட்டுக்காரியின் கவுன் தீர்மானித்தது.

1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் சாக்கு உடுப்பு ஏழ்மைக்கு அடையாளம். இரண்டாம் உலகப் போரில் துணிக்கு முடை வந்தபோது அதுவே சிக்கனத்துக்கும் நாட்டுப்பற்றுக்கும் அடையாளமாயிற்று. பருத்தி வணிக அமைப்புகள் வெட்டும் முறை சொல்லும் சிறு புத்தகங்கள் வெளியிட்டன, தையல் போட்டிகள் வைத்தன. கான்சாஸ் மாநிலம் கால்டுவெல் ஊர்ப் பெண் ஒருவர் 1959 போட்டிக்காகத் தைத்த சாக்குக் கவுன் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஆண்டில் ஆயத்த ஆடை எந்தக் கடையிலும் கிடைத்திருக்கும். இல்லாமையால் தைத்ததல்ல அது, கைவந்த கலையைக் காட்டத் தைத்தது.

அதற்குள் காகிதப் பை வந்துவிட்டது. மலிவு, ஆலைக்கு லாபம். காலியானால் அடுப்பெரிக்க ஆகும். ஆனால் தீவனப் பையின் வாயைத் தைப்பது இன்றும் அதே சங்கிலித் தையல்தான். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் நூல் சரசரவென்று கையோடு வந்துவிடும்.