ஊளையை அடக்கியவர்கள்

மேடையில் பேசுபவர் ஒலிவாங்கியோடு ஒலிபெருக்கியின் அருகே நகர்ந்துவிட்டால் எழுகிற ஊளை நம் அனைவருக்கும் பரிச்சயமானது. ஒலிபெருக்கியிலிருந்து வெளியேறிய ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து, பெருகி, வெளியேறி, மறுபடியும் புகுகிறது. யாரும் பேசாதபோதும் கருவி தனக்குத்தானே பேசத் தொடங்கிவிடுகிறது. பின்னூட்டம் என்ற சொல்லை இணையத்தில் நாம் வாசகரின் மறுமொழிக்கு வழங்குகிறோம். பொறியியலில் அச்சொல்லுக்கு, வெளியீட்டின் ஒரு பகுதி உள்ளீட்டுக்கே திரும்பி வருதல் என்று பொருள்.

அழைக்காமல் வரும் இந்தப் பின்னூட்டத்தோடு மின்னணுவியல் நடத்திய நூறாண்டுப் போராட்டத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. குறைந்த ஒலியைப் பெரிதாக்கியவர்களின் பெயர்கள் பாடநூல்களில் உள்ளன. பெரிதானது தன் பிறப்பிடத்துக்கே திரும்பிச் சென்று ஊளையிடாமல் தடுத்தவர்கள் பெரும்பாலும் அடிக்குறிப்புகளில் நின்றுவிட்டனர். ஆனால் அவர்கள் இல்லையென்றால் பெருக்கம் என்பது ஆய்வகத்தின் வித்தையாகவே இருந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

லீ டி ஃபாரஸ்ட் 1906இல் உருவாக்கிய ஆடியான் என்னும் வெற்றிடக் குழாயில் மூன்று உறுப்புகள் இருந்தன: எலெக்ட்ரான்களை உமிழும் சூடான இழை, அவற்றைப் பெறும் தகடு, இடையில் கிரிட் எனப்படும் கம்பிவலை. கிரிட்டின் மின்னழுத்தத்தில் நிகழும் சிறு மாற்றம் தகட்டின் மின்னோட்டத்தில் பெரு மாற்றமாக வெளிப்படும். 1912இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்த எட்வின் ஆம்ஸ்ட்ராங், தகட்டின் வெளியீட்டில் ஒரு பகுதியை வேண்டுமென்றே கிரிட்டுக்குத் திருப்பினார். பெருக்கம் பன்மடங்காயிற்று. இன்னும் சற்று கூட்டினால் குழாய் தானே அலைகளைப் பிறப்பித்தது. வானொலி ஏற்பியும் வானொலிப் பரப்பியும் ஒரே கண்டுபிடிப்பில் கிடைத்தன.

பின்னூட்டம் அப்போது வரமாகத் தெரிந்தது. ஆனால் ஏற்பியின் திருகைச் சற்று அதிகமாகத் திருப்பிய ஒவ்வொருவரும் தம்மை அறியாமல் ஒரு சிறிய பரப்பி நடத்தத் தொடங்கினர். அண்டை வீடுகளின் வானொலிகள் சீழ்க்கையடித்தன. 1920களில் பிபிசியின் முதல் தலைமைப் பொறியாளர் பீட்டர் எக்கர்ஸ்லி, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் என்று வானொலி வழியாகவே நேயர்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

வேண்டுமென்று திருப்பாதபோதும் பின்னூட்டம் நிகழ்ந்ததே பெரிய சிக்கல். கிரிட்டும் தகடும் அருகருகே உள்ள இரு உலோகங்கள். அவற்றுக்கிடையே ஒரு மின்தேக்கி தானாகவே அமைந்துவிடுகிறது. அதன் அளவு சில பிக்கோஃபாரட்டுகளே என்றாலும், அதிர்வெண் உயர உயர அச்சிறு இடைவெளி திறந்த கதவாகிவிடும். ஜான் மில்லர் 1920இல் வெளியான தம் கட்டுரையில் இதன் கணக்கைத் தெளிவாக்கினார். இந்த மின்தேக்குத்திறன் உள்ளீட்டுக்கு, பெருக்கத்தின் விகிதத்தால் பெருகியதாகத் தோன்றும். தகட்டுச் சுற்று மின்தூண்டல் தன்மையுடையதாக இருந்தால், திரும்பி வருவது உள்ளீட்டுக்கு வலுச் சேர்த்து ஊளைக்கு வழிவகுக்கும். இன்றும் பொறியியல் மாணவர்கள் இதை மில்லர் விளைவு என்றே படிக்கின்றனர்.

இதற்கு முதல் விடைகளுள் ஒன்று நியூஜெர்சியின் ஹோபோக்கனிலிருந்து வந்தது. அங்கே ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த லூயிஸ் ஆலன் ஹேசல்டைன், கதவை மூட முயலவில்லை. கதவு வழியே வருவதற்கு நிகரானதும் நேர் எதிரானதுமான மின்னழுத்தத்தை மற்றொரு சிறு மின்தேக்கி வழியாக உள்ளே அனுப்பினார். இரண்டும் ஒன்றையொன்று அழித்தன. நியூட்ரோடைன் என்ற பெயரில் 1923இல் அறிமுகமான இம்முறை, சீழ்க்கையடிக்காத வானொலிகளை இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்தது. ஆனால் ஒவ்வொரு கருவியிலும் அந்தச் சமநிலையைத் துல்லியமாகத் திருத்தி வைக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது விடை சுவர் எழுப்புவது. கிரிட்டுக்கும் தகட்டுக்கும் இடையே இன்னொரு கம்பிவலையை வைத்து, அதன் மின்னழுத்தம் அசையாமல் பார்த்துக்கொண்டால், தகட்டின் அலைவு கிரிட்டை எட்டாது. குழாய்க்குள் கூடுதல் வலை சேர்ப்பதை ஜெர்மனியில் வால்டர் ஷாட்கி முதல் உலகப்போர்க் காலத்திலேயே ஆராய்ந்திருந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஹல் 1920களில் அதை உயர் அதிர்வெண் பெருக்கத்துக்கான திரைக் கிரிட் குழாயாக வளர்த்தார். முந்தைய குழாய்களில் எட்டு பிக்கோஃபாரட் வரை இருந்த மின்தேக்குத்திறன், இவ்வகைக் குழாய்களில் ஒரு பிக்கோஃபாரட்டின் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

சிக்கல் தீர்ந்தது என்று எண்ணியிருக்கலாம். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதனுள்ளும் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே அதே மின்தேக்கி காத்திருந்தது. அன்றைய டிரான்சிஸ்டர் வானொலிகளில் ஹேசல்டைனின் எதிர்மின்தேக்கி மீண்டும் இடம்பிடித்தது.

திறன்மிகு டிரான்சிஸ்டர்களில் மற்றொரு வழியும் திறந்துகொண்டது. உள்ளே வரும் மின்னோட்டமும் வெளியே செல்லும் மின்னோட்டமும் எமிட்டரின் இணைப்புக் கம்பியைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. மெல்லிய கம்பியின் ஒரு மில்லிமீட்டர் நீளம் ஏறத்தாழ ஒரு நானோஹென்றி மின்தூண்டலைத் தரும். 2 ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அது சுமார் 12.6 ஓம் தடையாகும். டிரான்சிஸ்டரின் உள்ளீட்டுத் தடையோ ஓரிரு ஓம்தான். இங்கே ஒரு மில்லிமீட்டர் கம்பி என்பது நெடுந்தொலைவு. எனவே பொறியாளர்கள் மூன்றாவது விடையை நாடினர்: பாதையைக் குறுக்குவது. கம்பிகளுக்குப் பதிலாக அகன்ற தட்டைப் பட்டைகள் வந்தன. எமிட்டர் இருபுறமும் வெளியே கொண்டுவரப்பட்டது.

1990களில் கைப்பேசிக் கோபுரங்களில் பரவிய எல்டிமாஸ் டிரான்சிஸ்டரில் இவ்விரு விடைகளும் ஒன்றுசேர்ந்தன. சோர்ஸ் முனை சிலிக்கான் வழியாகவே அடிப்பக்க உலோகத்தில் இறங்கியது. அதற்கான கம்பிகளே தேவையற்றுப் போயின. கேட்டுக்கும் டிரெயினுக்கும் இடையே நிலமின்னழுத்தத்தில் ஒரு நுண்ணிய உலோகத்தகடு அமைக்கப்பட்டது. அதை ஃபாரடே கவசம் என்கின்றனர். 1836இல் மைக்கேல் ஃபாரடே காட்டிய கூண்டின் பெயரும், ஆல்பர்ட் ஹல்லின் வலையின் கொள்கையும் சிலிக்கான் துண்டின்மேல் ஒன்றாகக் குடியேறின.

ஆயினும் அக்கவசம் மின்புலத்தையே தடுக்கும். உள்ளே வரும் கம்பிகளும் வெளியேறும் கம்பிகளும் துண்டின் இருபுறமும் வளைந்து நிற்கையில், அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். இரண்டுக்கும் இடையேயான பரஸ்பர மின்தூண்டல் ஒரு நானோஹென்றியின் நூறில் ஒரு பங்கு என்றும், வெளியீட்டு மின்னோட்டம் 10 ஆம்பியர் என்றும் கொண்டால், 2 ஜிகாஹெர்ட்ஸில் உள்ளீட்டில் எழும் அழையாத மின்னழுத்தம் 1.26 வோல்ட். சில வோல்ட்டுகளால் இயங்கும் கேட்டுக்கு அது முணுமுணுப்பு அல்ல, கூச்சல். எனவே இடையில் நிலத்தோடு இணைந்த கம்பி வளைவுகளையோ உலோகச் சுவரையோ நிறுத்துகின்றனர். காந்தப்புலம் அந்த வளைவில் ஒரு மின்னோட்டத்தைத் தூண்டும். லென்ஸ் 1834இல் கூறியபடி அம்மின்னோட்டம் தன்னைத் தூண்டிய மாற்றத்தையே எதிர்க்கும். எதிரானதை எதிரானதால் அழித்த ஹேசல்டைனின் வழியும் இங்கே சுவரின் உருவில் திரும்பி வருகிறது.

பின்னூட்டத்தை வரமாகக் கண்ட ஆம்ஸ்ட்ராங்குக்கு அது நெடிய வழக்காகவும் ஆயிற்று. அதைக் கண்டுபிடித்தவர் யார் என்னும் வழக்கில் 1934இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட்டின் பக்கம் தீர்ப்பளித்தது. தமக்கு அளித்த பதக்கத்தை ஆம்ஸ்ட்ராங் வானொலிப் பொறியாளர் கழகத்திடம் திருப்பிக் கொடுக்க முன்வந்தார். கழகம் அதை வாங்க மறுத்துவிட்டது. 1954இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

பெருக்கத்தின் உரிமைக்கு இத்தனை வழக்குகள் நிகழ்ந்தன. அமைதியின் உரிமையைப் பற்றி மக்கள் அவ்வளவாகப் பேசவில்லை. நாம் கைப்பேசியில் ஒருவரின் குரலைத் தெளிவாகக் கேட்கும்போது, எங்கோ ஒரு கோபுரத்தின் அடியில் சில மில்லிமீட்டர் உயரமுள்ள சுவர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். அது நன்றாகச் செயல்படுகிறது என்பதற்கு, நம் காதில் எதுவும் ஊளையிடவில்லை என்பதைத் தவிர வேறு சான்று நமக்குக் கிட்டப்போவதில்லை.