கோடரியும் வாளும் பொறியும்: கரைவாகுப் பற்றின் மரத்தொழில் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சாய்ந்தமருது என்னும் ஊர்ப்பெயர் ஒரு மரத்தின் நினைவைத் தாங்கி நிற்பது. சாய்ந்த நிலையில் நின்ற மருத மரமொன்றினால் அப்பெயர் ஏற்பட்டது என்பது ஊர்வழக்கு. வடக்கே சில கல் தொலைவிலுள்ள மருதமுனையும் அம்மரத்தின் பெயரையே கொண்டுள்ளது. இன்றோ, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வீடுகள் நெருங்கிக் கிடக்கும் இவ்வூரில் ஒரு மரத்தை நட்டு வளர்ப்பதற்கே இடமில்லை. இவ்வூரின் நிலைகளும் கதவுகளும் கூரைகளும் மேற்கேயிருந்த காட்டின் கொடை. அக்காடு எவ்வாறு மரமாகவும் விறகாகவும் மாறியது, அம்மாற்றத்தில் எக்கருவி எவர் கையில் இருந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவிகளின் வரலாற்றை முன்னேற்றத்தின் கதையாக மட்டும் எழுதிவிடுவது எளிது. கோடரி போயிற்று, வாள் வந்தது. கைவாள் போயிற்று, பொறிவாள் வந்தது என்று வரிசைப்படுத்தி விடலாம். ஆனால் எந்த மரத்துக்காக, எவருடைய தேவைக்காக, எவருடைய உடைமையாக ஒரு பொறி தெரிவு செய்யப்பட்டது என்னும் வினா அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. கரைவாகுப் பற்றின் அனுபவம் அவ்வினாவையே நம்முன் வைக்கின்றது.

காடும் கரையும்

கிழக்கிலங்கையின் வரண்ட வலயக் காடு வைரம் பாய்ந்த மரங்களின் காடு. முதிரை, கருங்காலி, பாலை, வீரை, சாவண்டலை ஆகியவை அதன் முதன்மையான மரங்கள். கருங்காலித் தளபாடம் ஒல்லாந்தர் காலத்திலேயே புகழ்பெற்றிருந்தது. திருகோணமலைப் பகுதியிலிருந்து சென்ற சாவண்டலை மரம் சென்னைக் கரையில் மசூலாப் படகு கட்டப் பயன்பட்டது. முதிரையின் ஆற்றலுக்குச் சான்று பேராதனையிலேயே இருந்தது. 1833 ஆம் ஆண்டளவில் மகாவலிக்குக் குறுக்கே ஒரே வளைவாக 205 அடி அகலத்துக்குக் கட்டப்பட்ட பாலம் முதிரை மரத்தாலானது. 1905 இல் அகற்றப்படும் வரை அது நின்றது.

இத்தகைய மரத்தை அரிவதற்கு அக்காலத்தில் இருந்த கருவி இருவர் இழுக்கும் நீண்ட வாளேயாகும். கிடங்கொன்றின் மீது குற்றியைக் கிடத்தி, கரிநூல் அடித்துக் கோடிட்டு, ஒருவர் மேலேயும் மற்றவர் கிடங்கின் உள்ளேயும் நின்று அரிவர். மேலே நிற்பவர் கோடு பிசகாமற் பார்ப்பார்; கீழே நிற்பவர் தூளைக் கண்ணிலும் மூச்சிலும் வாங்குவார். வாளுக்குப் பல் தீட்டுவதும் பற்களை இருபுறமும் மாறிமாறிச் சிறிது விரிப்பதும் அவர்களுடைய அறிவின் பகுதி. கருங்காலியும் பாலையும் நீரில் அமிழ்பவை. ஆற்றிலும் வாவியிலும் அவற்றைத் தனியே மிதக்கவிட இயலாது. எனவே வண்டிலின் பாரத்துக்கும் தோணியின் கொள்ளளவுக்கும் ஏற்பவே காட்டில் குற்றி துண்டிக்கப்பட்டது. சம்மாந்துறை என்னும் பெயர் ‘சம்பான் துறை’ என்பதன் திரிபு என்பர். உள்நாட்டிலிருந்து கரைக்கு வந்த பொருள்களின் நீர்வழியை அவ்விளக்கம் நினைவூட்டுகின்றது.

அரிந்த பலகையை வாங்கி வேலை செய்தவர் ஓடாவி. ஓடம் கட்டுபவரைச் சுட்டிய இச்சொல் இப்பகுதியில் தச்சுவேலை செய்வோர் அனைவரையும் குறிக்கலாயிற்று. உளியும் சீவுளியும் கொட்டாப்புளியும் ஓடாவியின் சொந்த உடைமைகள். அவர் கூலிக்கு வேலை செய்தாலும் கருவிக்காக எவரிடமும் கையேந்தி நிற்கவில்லை. பின்னர் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.

சட்டமும் முதலும்

பொறி வருவதற்கு முன்னரே காட்டின் உடைமை மாறிவிட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத காடும் தரிசும் மாறாக நிறுவப்படும் வரை முடிக்குரியன எனக் கொண்டது. 1885 இல் காடுகளுக்கெனத் தனிக் கட்டளைச் சட்டம் வந்தது. 1887 இல் வனத் திணைக்களம் அமைந்தது. 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம், பல திருத்தங்களுடன், இன்றும் அடிப்படையாக உள்ளது. கரையோரத்தவர் காட்டுக்குச் செல்வதற்கு இனி அனுமதிச் சீட்டு வேண்டும். தீர்வை கட்ட வேண்டும். இவை இரண்டுக்கும் முற்பணம் தேவை. முற்பணம் உள்ளவரே மரவணிகரானார்; கோடரி மட்டும் உள்ளவர் அவரிடம் கூலியானார். உழைப்பாளன் கருவியை வைத்திருந்தான், மூலப்பொருளை இழந்தான். இது முதற் பிரிவு.

பட்டிப்பளையில் இறங்கிய பொறி

இரண்டாவது பிரிவு 1949 இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. தமிழில் பட்டிப்பளை ஆறு என வழங்கும் நதியை இங்கினியாகலையில் மறித்து அணைகட்டும் வேலையை மொரிசன் நூட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் மேற்கொண்டது. கரைவாகுப் பற்றின் மக்கள் கோடரியால் துண்டுதுண்டாக அறிந்திருந்த காட்டினுள் புல்டோசர்கள் புகுந்தன.

புல்டோசர் மரத்தை வெட்டுவதில்லை, வேரோடு தள்ளுகின்றது. அதன் நோக்கம் நிலம். மரம் அதற்கு இடையூறு. நிலத்தைக் குறித்த நாளில் வெளியாக்க வேண்டிய வேலையில், சாய்ந்த மரங்களை வரிசையாகக் குவித்து எரிப்பதே விரைவான வழி. ஒரு முதிரையைத் தெரிந்தெடுத்து, கிளை கழித்து, குற்றியாக்கி, வீதிக்கு இழுத்துவர எடுக்கும் நேரத்தில் அப்பொறி ஒரு பரப்பையே வெளியாக்கிவிடும். ஆகவே பொறியின் வேகமே மரத்தின் மதிப்பைத் தீர்மானித்தது. நூற்றாண்டுக்கு மேல் வளர்ந்த மரத்துக்கு அங்கே தனிக் கணக்கு இருக்கவில்லை.

அத்திட்டத்தின் பயன்களை மறுப்பதற்கில்லை. நீர் வந்தது, நெல் விளைந்தது, மின்சாரமும் பின்னர் பிறந்தது. ஆனால் பொறியைத் தெரிவு செய்தவர் கரையோர மக்களல்லர். அதன் வேகத்தை வகுத்தவரும் அவரல்லர். வெளியான நிலத்தின் பெரும்பகுதியில் குடியேறியோரும் பிறபகுதி மக்களே. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிந்தது. காடு, நிலம், நீர் என்பன பற்றிய இப்பகுதியின் இனத்துவ முரண்பாடுகள் இவ்வரலாற்றோடு பிணைந்தவை.

மரக்காலையின் கணக்கு

காட்டின் பெரும்பொறியைப் போலன்றி மரக்காலையின் பொறி ஊருக்குள் வந்தது. வட்டவாள், நாடாவாள் என அது இருவகைப்படும். வட்டவாள் மேசை விலை குறைந்தது. பழுது பார்ப்பது எளிது. டீசல் பொறியொன்றின் வார்ப்பட்டையாலும் சுழலும். ஆனால் அதன் தட்டு விட்டத்தின் பாதிக்கும் குறைவான ஆழத்தையே அரியும். பருத்த குற்றியைப் புரட்டிப் புரட்டி அரிய வேண்டும். அன்றியும் தட்டு தடித்தது. தடித்த வாள் அதிக மரத்தைத் தின்னும்.

ஒரு கணக்கு இதனை விளக்கும். 300 மில்லிமீற்றர் தடிப்புள்ள சதுரித்த குற்றியிலிருந்து 25 மில்லிமீற்றர்ப் பலகைகள் எடுப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு அரிவிலும் 6 மில்லிமீற்றர் தூளாகப் போகும் வட்டவாள் 9 பலகைகளைத் தரும். 2 மில்லிமீற்றரே தூளாக்கும் நாடாவாள் 11 பலகைகளைத் தரும். ஒரு குற்றிக்கு இரண்டு பலகை வேறுபாடு. காடு கைக்கெட்டிய தூரத்தில் இருந்தபோது இவ்வேறுபாடு பொருட்படுத்தப்படவில்லை. மரம் அரிதான பின்னர் அதுவே இலாபமும் நட்டமும் ஆயிற்று. ஆயினும் நாடாவாளுக்குச் சீரான மின்வலுவும், நாடாவைப் பொருத்தித் தீட்டவல்ல கைத்தேர்ச்சியும் வேண்டும். தீட்டத் தெரியாதவன் கையில் நாடாவாள் அலையலையாக அரியும். மிச்சப்படுத்திய மரம் சீவுளியில் போய்விடும். கிடங்கினுள் நின்றவனின் பல்தீட்டும் அறிவு பொறிக்காலத்திலும் தேவை என்பது இதனாற் பெறப்படும்.

இங்கு மரத்தின் தேவை ஒரு தனித்தன்மை உடையது. கிழக்குக் கரையோர முஸ்லிம் சமூகத்தில் மணமகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மணமகன் அவ்வீட்டுக்கே வருவான். எனவே பெண்மக்கள் உள்ள ஒவ்வொரு குடும்பமும் அத்தனை வீடுகளுக்கு நிலையும் யன்னலும் வளையும் கைமரமும் சலாகையும் தேட வேண்டும். மரக்காலைக்கு இதைவிட நிலையான சந்தை வேறில்லை. கடலிலும் வயலிலும் தறியிலும் உழைத்த தந்தையின் ஆயுட்சேமிப்பின் ஒரு பங்கு மரத்தூளாகவும் பலகையாகவும் அங்கே பிரிந்தது. அரிவில் வீணான ஒவ்வொரு மில்லிமீற்றரும் இறுதியில் அவர் தலையிலேயே விழுந்தது.

உழைப்பாளன் நிலையும் மாறியது. ஓடாவியின் உளி அவருடையது. மரக்காலையின் வாள் முதலாளியுடையது. மரத்தைத் தள்ளிக்கொடுக்கும் தொழிலாளிக்கு அவன் விரல்களே சொந்தம். வட்டவாளின் பின்னால் அரிந்த பிளவு மூடிக்கொண்டு வாளைக் கவ்வும்போது பலகை தொழிலாளியை நோக்கிப் பாய்கின்றது. அதனைத் தடுக்க வாளின் பின்புறம் ஒரு பிளவுத்தகடு போதும். மேலே ஒரு மூடி போதும். வேலைக்குக் குறுக்கே நிற்கின்றன என்று இவ்விரண்டையும் கழற்றி வைப்பது பல மரக்காலைகளில் வழக்கமாயிற்று. ஆபத்தான பொறிகளுக்குக் காப்பு அமைக்கவேண்டும் என 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. தொழிலாளர் நட்டஈட்டுக்கு 1934 இலேயே சட்டம் உண்டு. மரத்தூள் புற்றுநோயை விளைவிக்கும் பொருள் என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995 இல் வகைப்படுத்தியது. கிடங்கினுள் நின்றவனின் மூச்சுத்திணறலுக்கு அறிவியல் பெயர் சூட்ட இவ்வளவு காலம் சென்றது.

விறகின் பக்கம்

மரத்தொழிலின் வரலாற்றில் விறகு பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அது பெண்களின் அடுப்போடு முடிந்துவிடுவதாக எண்ணுவதே காரணம். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கைக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகையே முதன்மை எரிபொருளாகக் கொண்டிருந்தன. அடுப்போடு செங்கற் சூளையும் பேக்கரியும் சாயத்தொட்டியும் சேரும்போது விறகுகாலையின் பொருளாதார இடம் புலனாகும்.

விறகுக்குப் பொறி வேண்டுமா என்பது வேலையின் அளவைப் பொறுத்தது. புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீராகும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தின் ஒரு பங்கு கழிகின்றது. எஞ்சியது புகையாகக் கண்ணைக் கரிக்கின்றது. குட்டையாகத் துண்டித்துப் பிளந்து நிழலில் அடுக்கிய விறகு விரைவில் உலரும். வீட்டுத் தேவைக்குக் கோடரியும் ஆப்பும் போதும். நாள்தோறும் அடுப்பெரியும் பேக்கரிக்கு நீரழுத்தப் பிளப்பான் பயன்தரும். ஆனால் முதிரை, பாலை போன்ற பின்னிய இழை மரங்கள் ஆப்புக்கும் பொறிக்கும் எளிதில் இணங்கா. அவற்றைக் குறுக்கே துண்டிப்பதே முறை. உருண்டைக் கட்டையை வட்டவாள் மேசையில் கையாற் பிடித்துத் துண்டிப்பது மிகக் கொடிய வழக்கம். கட்டை உருளும்போது கையையும் இழுத்துச் செல்லும். கட்டையை ஏந்தி முன்னும் பின்னும் அசையும் ஒரு தொட்டிற் சட்டத்தை எந்த ஓடாவியும் ஒரு நாளில் செய்துவிடலாம்.

காடு மூடிய பின்னர்

1990 இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. போர்க்காலத்தில் காடு அச்சத்தின் இடமாகவும் ஆயிற்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை சாய்ந்தமருதையும் அயலூர்களையும் சிதைத்தபோது, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தாய்மார் வழிவந்த வீடுகள் கரையோரத்தில் நிலையும் கூரையுமாகப் பெயர்ந்தன. மீள்கட்டுமானத்துக்குத் தேவையான மரம் அயற்காட்டில் இல்லை. 2019 இல் சங்கிலிவாள்களைப் பதிவு செய்யுமாறு அரசு பணித்தது. அவ்வாண்டே அப்போதைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன மரக்காலைகளை ஐந்தாண்டுகளில் மூடுவது பற்றிப் பேசினார்; மரக்காலைகள் மூடப்படவில்லை. 2022 இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது எரிவாயு அடுப்புக்கு மாறியிருந்த வீடுகளும் விறகைத் தேடின.

சங்கிலிவாளைக் காட்டின் பகைவனாகக் காட்டுவது எளிது. ஆனால் இக்காட்டின் பெரும்பரப்பு சங்கிலிவாள் ஊருக்கு வருமுன்னரே புல்டோசரின் முன் சாய்ந்துவிட்டது. குற்றத்தைச் சிறு கருவியின்மேல் ஏற்றும்போது பெரிய தீர்மானங்களைச் செய்தோர் தப்பிவிடுகின்றனர்.

முடிவுரை

இன்று மரக்காலைக்கு வருவன தேக்கு, தென்னை, இறக்குமதிப் பலகை முதலியன. தென்னையின் புறவைரம் கடினமானது, உள்ளீடு மென்மையானது, அது சாதாரண உருக்குப் பற்களை விரைவில் மழுக்கிவிடும். தங்குதன் காபைட்டு முனை பொருத்திய வாளே அதற்கு ஏற்றது. முதிரைக்காக வாங்கிய பொறியால் தென்னையை அரிவது, மறைந்த காட்டுக்காக வாள் தீட்டுவதை ஒக்கும்.

எனவே பொறியைத் தெரிவு செய்வோர் முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். அடுத்து வலுவையும் தீட்டும் கையையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன் தொழிலாளியின் கையைப் பார்க்க வேண்டும். தனித்தனியே நாடாவாள் வாங்க இயலாத ஓடாவிமார் கூட்டுறவாக ஒன்றை வாங்கி நடத்துவது இப்பகுதிக்குப் பொருந்தும் வழிகளுள் ஒன்றாகும். மூலப்பொருளைச் சட்டத்தாலும் கருவியை முதலாலும் இழந்த ஒரு தொழிற்பிரிவு அவற்றுள் ஒன்றையேனும் மீளப் பெறுவதற்கு அது வகைசெய்யும். மருத மரத்தின் பெயரைத் தாங்கிய ஊரில் மரத்தை அறிந்த கைகள் இன்னும் உள்ளன. பொறி அக்கைகளுக்கு உரியதாகும்போதே இவ்வரலாற்றில் முன்னேற்றம் என்னும் சொல்லுக்கு இடமுண்டாகும்.